குடலுக்கு உறை ஊற்ற முடியுமா?

போன தை மாசம் காங்கேயம் பக்கத்தில் ஒரு காதுகுத்து விருந்து. பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த பையன் ஒப்புட்டு, பொரியல், தயிர் எல்லாவற்றையும் ஓரம் தள்ளிவிட்டு ரசம் சோற்றை மட்டும் பிசைந்துகொண்டிருந்தான். என் பெரியம்மாவின் பேரன். கோயமுத்தூரில் காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கிறான். ஒன்றரை வருஷமாகப் பெருங்குடலில் புண், ரத்தபேதி, மாத்திரை. கை கழுவும் இடத்தில் பெரியம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏங்கண்ணு, வயித்துல நல்ல கிருமி கம்மியாப் போச்சுன்னுதான் இந்தச் சீக்கு வருதாமா. அந்தக் கிருமியைய வாங்கி உள்ள உட்டுட்டா மாத்தரையே வேண்டாமுங்கறாங்க. நெசமா?"

யார் சொன்னது என்று கேட்டேன். போனில் வந்த வீடியோவாம். அதில் ஒருவர் பழைய சோற்றுச் சட்டியைக் காட்டி, இதில் கோடிக்கணக்கான நல்ல பாக்டீரியா இருக்கிறது, குடல் புண் நாற்பது நாளில் ஆறும் என்கிறார்.

பெரியம்மா கேட்டதில் பாதி சரி. பாக்டீரியாவை மாற்றி இந்த நோயைக் கட்டுப்படுத்த முடியுமா என்று உலகம் முழுக்க ஆராய்ச்சி நடக்கிறது, கொஞ்சம் பலனும் தெரிந்திருக்கிறது. மீதிப் பாதிதான் ஆபத்து. நான் மருத்துவன் இல்லை. பையனுக்காகப் படிக்க ஆரம்பித்து, மருத்துவர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டதை, கை கழுவும் இடத்தில் சொல்ல முடியாத நீளத்தில் இங்கே சொல்கிறேன்.

முதலில், இது எந்த வயிற்று நோய்?

நம் பக்கம் எந்த பஸ் ஸ்டாண்டுக்குப் போனாலும் சுவரில் "மூலம், பவுத்திரம்" விளம்பரம் இருக்கும். மலத்தில் ரத்தம் என்றால் ஆட்கள் முதலில் போவது அங்கேதான். இல்லாவிட்டால் உடம்புச் சூடு என்று சொல்லி இளநீர், வெந்தயம். இந்தப் பையனுக்கும் ஐந்து மாசம் அப்படியே போனது. மூலம் என்று ஒருவர் ஊசி போட்டு அனுப்பினார். ராத்திரித் தூக்கத்தில் எழுந்து ஓட வேண்டியிருக்கிறது, எடை ஒன்பது கிலோ குறைந்திருக்கிறது என்பதையெல்லாம் அவர் கேட்கவே இல்லை. மூலத்துக்கு எடை குறையாது.

அவனுக்கு இருந்தது குடல் அழற்சி நோய். அழற்சி என்ற சொல்லைப் பார்த்து பயப்பட வேண்டாம். காலில் வேலாமுள் ஏறினால் அந்த இடம் சிவந்து, வீங்கி, சூடாகி வலிக்கிறதே, அதுதான் அழற்சி. முள்ளோடு உள்ளே போன கிருமியை அடிக்க ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்கள் அங்கே குவிகின்றன. முள்ளை எடுத்ததும் இரண்டு நாளில் வீக்கம் வடிந்துவிடும். குடல் அழற்சி நோயில் எடுப்பதற்கு முள் கிடையாது. நம் நோய் எதிர்ப்பு அமைப்பு குடல் சுவரில் குவிந்து, வேலை முடிந்தும் கலையாமல், மாசக்கணக்கில் அங்கேயே அடித்துக்கொண்டிருக்கிறது. அடிபடுவது சொந்தக் குடல்.

இதில் முக்கியமாக இரண்டு வகை. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்பது பெருங்குடலில் மட்டும் வரும். ஆசனவாய்ப் பக்கம் தொடங்கி மேலே பரவும், குடலின் உள்தோலைப் புண்ணாக்கும். பையனுக்கு இதுதான். இனி இதைப் பெருங்குடல் புண் நோய் என்றே சொல்கிறேன். இன்னொன்று கிரோன் நோய். 1932ல் இதை விவரித்து எழுதிய மருத்துவர்களில் ஒருவரான பர்ரில் கிரோனின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கே வேண்டுமானாலும் வரும், இடையிடையே திட்டுத்திட்டாக வரும், குடல் சுவரின் முழுக் கனத்தையும் துளைக்கும். சிலருக்குப் பவுத்திரமே கிரோன் நோயின் முதல் அடையாளமாக இருக்கும். சுவர் விளம்பரத்துக்குப் போனவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

ஐ.பி.எஸ். என்று சொல்லும் குடல் எரிச்சல் தொல்லை வேறு. பரீட்சை வந்தால் வயிறு கலக்குவது, சாப்பிட்ட உடனே போக வேண்டும் போலிருப்பது எல்லாம் அந்த வகை. தொல்லைதான், ஆனால் குடலில் புண் இருக்காது, ரத்தம் வராது. பேச்சில் இரண்டையும் கலந்துவிடுகிறார்கள்.

நம் நாட்டுக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. குடலில் வரும் காசநோய் பார்ப்பதற்குக் கிரோன் நோய் மாதிரியே இருக்கும். ஆனால் கிரோன் நோய்க்குக் கொடுக்கும் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்தைக் காசநோய்க்காரருக்குக் கொடுத்தால் காசநோய் பரவிவிடும். அதனால்தான் இங்கே மருத்துவர்கள் கொலனோஸ்கோப்பி செய்து, அதாவது கேமரா வைத்த குழாயைப் பெருங்குடலுக்குள் விட்டுப் பார்த்து, சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்து, சில சமயம் முதலில் காசநோய் மருந்தைக் கொடுத்துக்கூடப் பார்க்கிறார்கள். "இத்தனை டெஸ்டு எதுக்கு" என்று சலித்துக்கொள்பவர்களுக்காக இதைச் சொன்னேன்.

உள்ளே குடியிருப்பவர்கள்

நம் உடம்பில் மனித செல்களைவிடப் பத்து மடங்கு பாக்டீரியா இருப்பதாகவும், அதன் எடை இரண்டு கிலோ என்றும் வீடியோக்களில் சொல்வார்கள். பழைய கணக்கு. 2016ல் மறுபடி கணக்குப் போட்டபோது பாக்டீரியா ஏறக்குறைய 38 லட்சம் கோடி, மனித செல்கள் 30 லட்சம் கோடி என்று வந்தது. கிட்டத்தட்ட ஆளுக்கு ஆள். மொத்த எடை 200 கிராம்தான். அதில் பெரும்பகுதி பெருங்குடலில் இருக்கிறது. நூற்றுக்கணக்கான இனங்கள் ஒன்றாக வாழும் இந்தக் கூட்டத்துக்கு மைக்ரோபயோம் என்று பெயர். கூட்டம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நல்லவன் கெட்டவன் என்று தனித்தனியாகப் பிரிப்பதைவிட யாரோடு யார் எந்த அளவில் இருக்கிறார்கள் என்பதுதான் இங்கே பேச்சு.

இவர்கள் என்ன வேலை செய்கிறார்கள்? கம்பு, ராகி, கொள்ளு, கீரை இவற்றிலுள்ள நார்ச்சத்தை நம்மால் செரிக்க முடியாது. அது அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேரும். அங்கே பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைத்துத் தின்று, சில அமிலங்களை வெளியே விடும். அவற்றில் முக்கியமானது பியூட்டிரேட். வெண்ணெய் சிக்கு அடித்தால் ஒரு வாடை வருமே, அந்த வாடைக்குக் காரணமான அமிலமும் இதுதான். பெயரே வெண்ணெயிலிருந்து வந்ததுதான். பெருங்குடலின் உள்தோல் செல்கள் தங்களுக்கு வேண்டிய ஆற்றலில் 70 சதவீதம் வரை பியூட்டிரேட்டிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. அதோடு, "போதும், அடங்கு" என்று நோய் எதிர்ப்புப் படையை அமைதிப்படுத்தும் செல்கள் வளரவும் இது உதவுகிறது. (அப்படியானால் நெய்யை உருக்கிக் குடிக்கலாமா என்று கேட்டார்கள். நெய் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும், பெருங்குடல் வரை போகாது.)

வேலியும் வெள்ளாடும்

காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தைப் பார்த்திருப்பீர்கள். சுற்றிலும் கிளுவை வேலி. உள்ளே புல் இருக்கும்வரை ஆடு மாடு மேய்ந்துகொண்டு சும்மா இருக்கும். புல் காய்ந்த கோடையில் வெள்ளாடு வேலியை எட்டி எட்டிக் கடிக்கும். கடித்த இடத்தில் சந்து விழும். அப்புறம் பக்கத்துக் காட்டு வெள்ளாமையில்தான் ஆடு நிற்கும், சண்டையும் வரும்.

பெருங்குடலிலும் ஒரு வேலி உண்டு. உள்தோலின் மேல் சளி மாதிரி ஒரு படலம் இரண்டு அடுக்காக இருக்கிறது. மேலடுக்கில் பாக்டீரியாக்கள் உலாவும். அடியில் உள்ள அடுக்கில் பெரும்பாலும் ஒரு பாக்டீரியாவும் நுழையாது. இந்த இடைவெளி இருப்பதால்தான் நோய் எதிர்ப்புப் படையும் பாக்டீரியாக் கூட்டமும் ஒன்றையொன்று பார்க்காமல் காலம் தள்ளுகின்றன. நார்ச்சத்தே இல்லாத தீனியை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, பட்டினி கிடந்த பாக்டீரியாக்கள் இந்தச் சளிப் படலத்தையே தின்னத் தொடங்கின. படலம் மெலிந்தது, நோய்க்கிருமி உள்ளே போக வழி கிடைத்தது. வெள்ளாடு வேலியைக் கடித்த அதே கதை.

பெருங்குடல் புண் நோய்க்காரர்களிடம் இந்தப் படலம் மெலிந்தும் ஓட்டையாகவும் இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். பாக்டீரியா சுவரைத் தொடுகிறது. தொட்டதும் படை கிளம்புகிறது.

காற்று புகுந்த கலன்

தோட்டத்தில் சாண எரிவாயுக் கலன் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். உள்ளே காற்று போகக் கூடாது. அதில் வேலை செய்யும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் ஆகாது. பெருங்குடலும் அப்படித்தான். அங்கே இருக்கும் பயனுள்ள பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை ஆக்சிஜன் பட்டால் பிழைக்காதவை. பியூட்டிரேட் தயாரிப்பதில் பேர்போன ஃபீக்காலிபாக்டீரியம் அந்த ரகம்.

குடல் நன்றாக இருக்கும்போது உள்தோல் செல்கள் பியூட்டிரேட்டை எரிக்க ஆக்சிஜனைத் தாங்களே செலவழித்துவிடுகின்றன, உள்ளே கசிய மிச்சம் இருப்பதில்லை. அழற்சி வந்தால் இந்தக் கணக்கு கெடுகிறது. ரத்தம் அதிகமாக ஓடுகிறது, செல்கள் பியூட்டிரேட்டைச் சரியாக எரிப்பதில்லை, ஆக்சிஜன் குடலுக்குள் கசிகிறது. ஆக்சிஜன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிழைக்கத் தெரிந்த ஈ. கோலை வகையறாவுக்கு அப்போது கொண்டாட்டம். அவை பெருகுகின்றன, ஃபீக்காலிபாக்டீரியம் குறைகிறது, பியூட்டிரேட் குறைகிறது, செல்கள் இன்னும் நலிகின்றன, அழற்சி கூடுகிறது. செக்குமாடு மாதிரி ஒரே சுற்று.

இதுவரை சொன்னதைக் கோத்துப் பார்த்தால்: குடல் அழற்சி நோய் என்பது நோய் எதிர்ப்புப் படை குடல் சுவரில் அடங்காமல் அடிப்பது. பாக்டீரியாக் கூட்டம் நார்ச்சத்தைத் தின்று பியூட்டிரேட் கொடுத்து அந்தப் படையை அடக்கி வைக்க உதவுகிறது. வேலி மெலிந்து, கூட்டத்தின் கலவை கெட்டால் அழற்சி கூடும். அழற்சி கூடினால் கலவை இன்னும் கெடும்.

கோழியா, முட்டையா?

நாமக்கல்லில் கேட்க வேண்டிய கேள்விதான். பாக்டீரியா கெட்டதால் நோய் வந்ததா, நோய் வந்ததால் பாக்டீரியா கெட்டதா?

பாக்டீரியாவுக்கு இதில் கை உண்டு என்பதற்கு வலுவான சான்றுகள் இருக்கின்றன. குடல் அழற்சி தானாகவே வரும்படியான மரபணு மாற்றமுள்ள எலிகள் உண்டு. அவற்றைப் பிறந்ததிலிருந்தே ஒரு கிருமிகூட இல்லாத கூண்டில் வளர்த்தால் நோய் வருவதில்லை. பாக்டீரியாவை உள்ளே விட்டால் வந்துவிடுகிறது. மனிதர்களில், 1991ல் பெல்ஜிய மருத்துவர்கள் வெளியிட்ட ஒரு சின்ன ஆய்வு இருக்கிறது. கிரோன் நோய்க்காக அறுவை செய்து, மலம் அந்தக் குடல் பகுதி வழியே போகாதபடி திருப்பிவிட்டபோது அங்கே நோய் திரும்பவில்லை. மறுபடி இணைத்ததும் திரும்பியது.

ஆனால் பாக்டீரியா மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. ஒரே வீட்டில், ஒரே சோறு சாப்பிடும் அண்ணன் தம்பியில் ஒருவனுக்கு மட்டும் வருகிறது. இந்த நோயோடு தொடர்புள்ள மரபணு இடங்கள் 200க்கு மேல் கண்டுபிடித்திருக்கிறார்கள். 2001ல் கிரோன் நோயோடு தொடர்பு தெரியவந்த நாட்2 என்ற மரபணுவின் வேலையே பாக்டீரியாவை அடையாளம் காண்பதுதான். அதாவது சிலருடைய படைக்குப் பிறவியிலேயே கண் சரியில்லை. அப்படிப்பட்டவருக்கு எவ்வளவு நல்ல பாக்டீரியாவைக் கொடுத்தாலும், அதையும் எதிரி என்று நினைத்து அடிக்க வாய்ப்பிருக்கிறது. பெரியம்மா பார்த்த வீடியோவில் இந்த இடம் வரவே இல்லை.

உறை ஊற்றும் கணக்கு

இப்போது பெரியம்மாவின் கேள்விக்கு வருவோம். நல்ல பாக்டீரியாவை உள்ளே விட்டால் என்ன?

பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆற வைத்து, ஒரு கரண்டி உறைமோர் ஊற்றி மூடி வைக்கிறோம். காலையில் தயிர். ஏன் இவ்வளவு சுலபமாக உறைகிறது? காய்ச்சியபோதே பாலில் இருந்த மற்ற கிருமிகள் பெரும்பாலும் செத்துவிட்டன. வீடு காலி. தின்னப் பால் சர்க்கரை இருக்கிறது, எதிர்க்க ஆள் இல்லை. அதே கரண்டித் தயிரை நன்றாகப் புளித்துப் பொங்கிய இட்லி மாவில் ஊற்றிப் பாருங்கள். மாவு மாவாகவே இருக்கும். அங்கே ஏற்கனவே ஒரு கூட்டம் குடியேறி, இடத்தையும் தீனியையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

குடல் காய்ச்சின பால் இல்லை, புளித்த மாவு. புதிதாக வரும் பாக்டீரியாவை உள்ளூர்க் கூட்டம் நிலைக்க விடாமல் தடுக்கும் இந்தக் குணத்துக்குக் குடியேற்றத் தடை என்று பெயர். நோய்க்கிருமியை உள்ளே விடாமல் நம்மைக் காப்பாற்றுவதும் இந்தத் தடைதான். நல்லது வந்தாலும் விடுவதில்லை, அவ்வளவுதான்.

உடலுக்குப் பயன் தரும் அளவில் உயிரோடு கொடுக்கப்படும் பாக்டீரியாவை புரோபயாடிக் என்கிறார்கள். கடையில் மாத்திரையாக, பொடியாக, குட்டி பாட்டிலாகக் கிடைக்கிறது. பெரும்பாலும் விருந்தாளி மாதிரி சில நாள் தங்கிவிட்டுப் போய்விடும். நிறுத்தினால் தடமே இருக்காது. எல்லாமே வீண் என்று சொல்ல மாட்டேன். முதல் உலகப்போர் சமயத்தில், 1917ல், ஆல்ஃபிரட் நிஸ்லே என்ற ஜெர்மன் மருத்துவர், சுற்றியிருந்தவர்களெல்லாம் வயிற்றுப்போக்கில் விழுந்தபோது தப்பித்து நின்ற ஒரு போர்வீரரின் மலத்திலிருந்து ஒரு ஈ. கோலையைப் பிரித்தெடுத்தார். (மேலே வில்லனாக வந்த அதே ஈ. கோலைதான். ஆனால் இந்தக் கிளை சாது. பாக்டீரியாவில் ஜாதகம் பார்க்காமல் குணம் சொல்லக் கூடாது.) அந்தக் கிளையைப் பெருங்குடல் புண் நோய் அடங்கியவர்களுக்குக் கொடுத்தபோது, நோய் திரும்பாமல் காப்பதில் மெசலமைன் என்ற வழக்கமான மாத்திரைக்கு ஏறக்குறைய சமமாக இருந்தது. கிரோன் நோயில் எந்தப் புரோபயாடிக்கும் அப்படி நிற்கவில்லை. அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவர் சங்கம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இந்த இரண்டு நோய்களுக்கும் ஆராய்ச்சிக்கு வெளியே புரோபயாடிக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டார்கள்.

பழைய சோறு? அதில் லாக்டிக் அமில பாக்டீரியா இருப்பது உண்மை. சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பங்கு செரிக்காத வகையாக மாறி, நார்ச்சத்து மாதிரி பெருங்குடலுக்குப் போய்ச் சேர்வதும் உண்மை. என் கணக்கில் அதில் பெரிய விஷயம் இந்த இரண்டாவதுதான், பாக்டீரியா அல்ல. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் குடல் அழற்சி நோயில் பழைய சோற்றை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது செய்தியாக வந்தது. அவர்கள் ஆராய எடுத்தார்கள். வீடியோக்காரர் தீர்ப்பே எழுதிவிட்டார். பிடித்தால் சாப்பிடலாம். ஆனால் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள், கோடையில் இரண்டு நாள் வெளியே கிடந்த சோற்றைச் சாப்பிடுவதற்கு முன்னால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் கெட்ட கூட்டத்தையே காலி செய்தால்? கிரோன் நோயில் பவுத்திரம், சீழ்க்கட்டி வந்தால் கொடுக்கிறார்கள். மற்றபடி நோயையே அடக்கும் மருந்தாக அது நிலைக்கவில்லை. களைக்கொல்லி அடித்தால் பயிரும் சேர்ந்து போகும்.

சாப்பாட்டை மாற்றினால்?

இந்த இடத்தில் எனக்கே ஆச்சரியமான விஷயம் ஒன்று உண்டு. கிரோன் நோய் வந்த குழந்தைகளுக்கு 6 முதல் 8 வாரம் வேறு எந்தச் சாப்பாடும் இல்லாமல், எல்லாச் சத்தும் அடங்கிய திரவ உணவு மட்டும் கொடுப்பார்கள். ஸ்டீராய்டு இல்லாமலேயே பெரும்பாலான குழந்தைகளுக்கு நோய் அடங்கிவிடுகிறது. பாக்டீரியாக் கூட்டமும் நன்றாக மாறுகிறது. ஆனால் மாறும் திசைதான் வேடிக்கை: பல குழந்தைகளுக்கு இன வகைகள் கூடவில்லை, குறைந்தன. "வகை கூடினால் ஆரோக்கியம்" என்று எல்லோரும் சொல்லும் சூத்திரம் இங்கே இடறுகிறது. உள்ளே எதைப் போட்டோம் என்பதைவிட, குடலை உறுத்திக்கொண்டிருந்த எதையோ நிறுத்தியதுதான் வேலை செய்ததோ என்று ஆராய்ச்சியாளர்கள் யோசிக்கிறார்கள். பாக்கெட் உணவில் எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் இருக்கச் சேர்க்கும் சில பொருட்கள் எலிகளின் சளிப் படலத்தை மெலிய வைத்தது 2015ல் வெளிவந்தது. அந்தச் சந்தேகத்துக்கு அது வலு சேர்க்கிறது.

நார்ச்சத்து நல்லது என்று மேலே சொன்னேன். அதைப் படித்துவிட்டு நோய் கொதித்துக்கொண்டிருக்கும்போது கொள்ளும் கீரையுமாக ஆரம்பித்துவிட வேண்டாம். புண்ணான குடலில் அது உறுத்தும். கிரோன் நோயில் குடல் சுருங்கியிருந்தால் அடைத்தே விடலாம். எப்போது, எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

மலத்தையே மாற்றுவது

ஒரு கிளையை விட்டால் நிலைக்காது என்றால், முழுக் கூட்டத்தையும் ஒட்டுமொத்தமாகக் கொண்டுவந்து விட்டால்? ஆரோக்கியமான ஒருவரின் மலத்தைப் பரிசோதித்து, உப்புக் கரைசலில் கரைத்து வடிகட்டி, நோயாளியின் குடலில் செலுத்துவதுதான் மல மாற்று சிகிச்சை. முகம் சுளிக்க வேண்டாம். செரிமானம் நின்றுபோன மாட்டுக்கு, நல்ல மாட்டின் முதல் இரைப்பையிலிருந்து எடுத்த நீரைப் புகட்டுவது கால்நடை மருத்துவத்தில் பழைய வழக்கம்.

சீனாவில் நான்காம் நூற்றாண்டிலேயே கடும் பேதிக்கு இப்படிக் கொடுத்ததாகக் குறிப்பு இருக்கிறது. இக்காலத்தில் 1958ல் அமெரிக்காவின் டென்வரில் பென் ஐஸ்மன் குழுவினர் உயிருக்குப் போராடிய நான்கு பேருக்குச் செய்து காப்பாற்றினார்கள். பெருங்குடல் புண் நோய் இருந்த ஒரு மருத்துவர் தனக்கே செய்துகொண்டு 1989ல் எழுதினார்.

பெரிய வெற்றி வேறொரு நோயில் கிடைத்தது. ஆன்டிபயாட்டிக் நிறையச் சாப்பிட்டுக் குடல் கூட்டம் அழிந்தவர்களைச் சி. டிஃப் என்ற கிருமி பிடித்துக்கொண்டு விடாமல் பேதியாக்கும். 2013ல் நெதர்லாந்தில் செய்த சோதனையில், ஒரே தடவை மலம் மாற்றியதில் 81 சதவீதம் பேருக்கு அது சரியானது. வழக்கமான மருந்தில் 31 சதவீதம்தான். வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இருந்ததால் சோதனையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

அதே வித்தை பெருங்குடல் புண் நோயில்? ஆஸ்திரேலியாவில் 2017ல் வெளிவந்த சோதனையில், மலம் மாற்றியவர்களில் 27 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெறும் போலிக் கரைசல் கொடுக்கப்பட்டவர்களில் 8 சதவீதம் பேருக்கு. 2019ல் இன்னொன்றில் 32 சதவீதம், ஒப்பிடப்பட்டவர்களில் 9 சதவீதம். அதாவது பலன் உண்டு. ஆனால் நாலு பேரில் ஒருவருக்கு, மிஞ்சினால் மூன்று பேரில் ஒருவருக்கு.

ஏன் இந்த வித்தியாசம்? உறை ஊற்றும் கணக்குதான். சி. டிஃப் நோயாளியின் குடல், ஆன்டிபயாட்டிக் காய்ச்சி எடுத்த பால். ஊற்றியது உறைந்தது. பெருங்குடல் புண் நோயில் பழைய கூட்டம் உட்கார்ந்திருக்கிறது, அழற்சி என்ற அடுப்பும் எரிந்துகொண்டிருக்கிறது.

இதை என் சித்தப்பா மகனிடம் சொன்னபோது அவன் ஆச்சரியப்படவே இல்லை. திருப்பூரில் ஒரு சாயக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆபரேட்டராக இருக்கிறான். அங்கே பயோ டேங்க் என்று ஒன்று உண்டு, பாக்டீரியாதான் அதில் வேலைக்காரர்கள். தினமும் காலையில் ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடியில் அந்தத் தண்ணீரைப் பிடித்து அரை மணி நேரம் அசைக்காமல் வைப்பான். காப்பிக் கசடு மாதிரி பழுப்பாக ஒன்று மெதுவாக அடியில் இறங்கும், மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும். மூக்கருகே கொண்டுபோனால் மழை நனைந்த மண்ணின் வாசம். அப்படி இருந்தால் கல்ச்சர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். என்றைக்காவது ப்ளீச்சிங் தண்ணீர் அளவு மீறி வந்துவிட்டால் கசடு இறங்காமல் மிதக்கும், நுரை கட்டும், வாடை மாறும். அப்போது வேறொரு பிளாண்டிலிருந்து டேங்கர் லாரியில் கல்ச்சர் கொண்டுவந்து கொட்டுவார்கள், சாணியும் வெல்லமும் கரைத்து ஊற்றுவார்கள்.

"வர்ற தண்ணிய சரி பண்ணாம எத்தன லோடு கொட்டுனாலும் செத்துத்தான் போகுங்ணா" என்றான்.

டில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2022ல் வெளியிட்ட ஆய்வு ஏறக்குறைய இதையே செய்தது. லேசான, நடுத்தரப் பெருங்குடல் புண் நோய்க்காரர்களுக்கு வாரம் ஒரு தடவையாக 7 தடவை மலம் மாற்றினார்கள். கொடுத்தவர்கள் கிராமத்துக்காரர்கள், அதுவும் பலர். கூடவே அழற்சியைக் குறைக்கும் உணவு முறையையும் வைத்தார்கள். 8 வாரத்தில் 60 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது, வழக்கமான மருந்து மட்டும் எடுத்தவர்களில் 32 சதவீதம். மொத்தம் 66 பேர்தான், சின்ன ஆய்வு. ஆனாலும் கல்ச்சரையும் வருகிற தண்ணீரையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்ற யோசனை எனக்கு நியாயமாகப் படுகிறது.

கொடுப்பவர் யார் என்பதிலும் விஷயம் இருக்கிறது. கனடாவில் 2015ல் வெளிவந்த சோதனையில் நோய் அடங்கிய 9 பேரில் 7 பேருக்குக் கிடைத்தது ஒரே ஆளின் மலம். அந்த ஆளிடம் அப்படி என்ன இருந்தது என்பது தெரிந்தால் மலமே தேவைப்படாது, வேண்டிய பாக்டீரியாவை மட்டும் மாத்திரையில் அடைத்துக் கொடுத்துவிடலாம். ஆராய்ச்சி போய்க்கொண்டிருப்பது அந்தத் திசையில்தான்.

இதுவரை: தனி பாக்டீரியாவை விட்டால் பெரும்பாலும் நிலைப்பதில்லை. முழுக் கூட்டத்தை விட்டால் பெருங்குடல் புண் நோயில் சிலருக்குப் பலன் உண்டு. கிரோன் நோயில் இன்னும் உறுதியாகச் சொல்லும்படி எதுவும் வரவில்லை. அமெரிக்காவில் 2022, 2023ல் மலத்திலிருந்து செய்த இரண்டு மருந்துகளுக்கு அனுமதி கிடைத்ததும் சி. டிஃப் திரும்பத் திரும்ப வருவதைத் தடுக்கத்தான், குடல் அழற்சி நோய்க்கு அல்ல.

வீட்டில் செய்து பார்ப்பவர்களுக்கு

மிக்சியும் எனிமா பையும் வைத்துக்கொண்டு வீட்டிலேயே செய்வது எப்படி என்று சொல்லித்தரும் வீடியோக்களும் இருக்கின்றன. 2019ல் அமெரிக்காவில், அதுவும் மருத்துவ ஆராய்ச்சிக்குள், கொடுத்தவரின் மலத்தில் மருந்துக்குக் கட்டுப்படாத ஈ. கோலை இருந்ததைப் பார்க்கத் தவறியதால் ஒரு நோயாளி இறந்துபோனார். "எங்க அண்ணன் திடமா இருக்கான், அவனுது போதும்" என்பது பரிசோதனை ஆகாது. ரத்தம், மலம் எல்லாவற்றிலும் நீளமான பட்டியல் பார்க்கிறார்கள்.

இன்னொன்று, மாத்திரையை நிறுத்துவது. நோய் அடங்கியபின் "இப்பத்தான் நல்லா இருக்குதே" என்று மெசலமைனை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. நல்லா இருப்பதே அந்த மாத்திரையால்தான். மேலே சொன்ன ஆய்வுகளிலும் பெரும்பாலானவர்கள் வழக்கமான மருந்துகளில் சிலவற்றைச் சாப்பிட்டுக்கொண்டேதான் இருந்தார்கள்.

நான் இதையெல்லாம் பெரியம்மாவுக்குப் பாதி போனிலும் பாதி நேரிலுமாகச் சொன்னேன். வேலி, வெள்ளாடு புரிந்தது. பியூட்டிரேட் என்ற பெயர் மட்டும் வாயில் நுழையவில்லை, "அந்த வெண்ணெச் சமாச்சாரம்" என்று வைத்துக்கொண்டார். பையன் மாத்திரையை விடவில்லை. ஆடியில் போன் செய்தார். மலத்தில் கால்புரோடெக்டின் என்று ஒரு பரிசோதனை உண்டு, குடலில் எவ்வளவு அழற்சி இருக்கிறது என்பதை அது எண்ணாகக் காட்டும். அது எண்ணூற்றுச் சொச்சத்திலிருந்து நூற்றுப் பத்துக்கு இறங்கிவிட்டதாம்.

"தயிருங்கூடச் சாப்பிடலாமுன்னு டாக்டர் சொல்லீட்டாரு கண்ணு. மருந்துக்குங்களா, சோத்துக்குங்களான்னு கேட்டேன். சோத்துக்குத்தான்னுட்டாரு."